குடிபெயரும் முன் ஒரு தேர்வு



கடல் கடந்த பயணம் நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. பர்மா, மலாயா, சிங்கப்பூர், கொழும்பு என்று நம் பாட்டனார்கள் ‘சபர்’ சென்றார்கள். 1970களுக்குப் பின் நம் தந்தையரும் சகோதரர்களும் வளைகுடா நாடுகளுக்குச் சென்றார்கள். இப்பயணங்களுக்கெல்லாம் பொதுவான தன்மை ஒன்றுண்டு. பெரும்பாலும் ஆண்மகன் தனித்துச் சென்றான். குடும்பம் ஊரில் காத்திருந்தது. அவன் ஒருநாள் திரும்பி வந்தான்.

இன்று நம் இளைஞர்கள் பலர் நாடுவது வேறு வகைப் பயணம். மனைவி மக்களுடன் சென்று கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ நிலையாகக் குடியமர விரும்புகிறார்கள். பட்டமும் பல்லாண்டு வேலை அனுபவமும் கைவசம் இருக்கின்றன. ஆயினும் அந்நாடுகளின் வாயிலில் முதலாவதாக நிற்பது ஓர் ஆங்கிலத் தேர்வு. அத்தேர்வை எளிதாக எண்ணிக் கட்டணத்தை இழப்பவர்களும், அச்சம் கொண்டு இடைத்தரகர்களிடம் நகை அடகு வைத்த பணத்தை இழப்பவர்களும் நம்மிடையே உள்ளனர். இத்தேர்வை விலைக்கு வாங்க இயலாது. வீட்டிலிருந்தே பழகிப் பெற இயலும். அதற்கான வழியைத் தங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேர்வின் அமைப்பு

குடியேற்றத்திற்கென உள்ள ஆங்கிலத் தேர்வுகள் பல. அவற்றுள் பரவலாக அறியப்பட்டது ஐ.இ.எல்.டி.எஸ். 1989ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருவது. இதில் இரு பிரிவுகள் உண்டு. உயர்கல்விக்கும் சில தொழில்முறைப் பதிவுகளுக்கும் உரியது ‘அகாடமிக்’. கனடா போன்ற நாடுகளில் நிரந்தரக் குடியுரிமை கோருவோர்க்கு உரியது ‘ஜெனரல் டிரெய்னிங்’. பிரிவை மாற்றி எழுதிவிட்டால் அம்மதிப்பெண் பயன்படாது போகும். ஆகவே விண்ணப்பிக்கும் போதே இதனைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

தேர்வில் நான்கு பகுதிகள் உள்ளன. கேட்டல், ஏறத்தாழ 30 நிமிடம், 40 வினாக்கள். படித்தல், 60 நிமிடம், 40 வினாக்கள். எழுதுதல், 60 நிமிடம், இரு கட்டுரைப் பணிகள். பேசுதல், 11 முதல் 14 நிமிடம் வரை தேர்வாளருடன் நேருரை. ஒவ்வொன்றுக்கும் 9 வரையிலான அளவில் ‘பேண்ட்’ எனப்படும் மதிப்பெண் தரப்படும். தேர்ச்சி, தோல்வி என்பது இதில் இல்லை. எவ்வளவு வேண்டும் என்பதைத் தாங்கள் செல்லவிருக்கும் நாடே தீர்மானிக்கிறது.

அரை மதிப்பெண்ணின் விலை

“மொத்தம் ஏழு வாங்கிவிட்டேன்” என்று மகிழ்வோர் பலர். ஆனால் கனடாவின் குடியேற்றத் துறை மொத்தத்தைப் பார்ப்பதில்லை; நான்கு பகுதிகளையும் தனித்தனியே பார்க்கிறது. இதை அறியாமல்தான் பலர் ஏமாற்றமடைகின்றனர்.

2015ஆம் ஆண்டு அந்நாடு தொடங்கிய ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ முறையை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டு அனுபவமுள்ள திறன் பணியாளர் ஒருவர் நுழைவதற்கே நான்கிலும் 6 வேண்டும். ஆனால் நுழைவது வேறு, அழைக்கப்படுவது வேறு. விண்ணப்பித்தவர்களை 1,200 புள்ளிகளுக்கு வரிசைப்படுத்தி, மேலே உள்ளவர்களையே அழைக்கிறார்கள்.

துணைவியுடன் விண்ணப்பிக்கும் ஒருவர், ஒரு பட்டமும் மூன்றாண்டு வெளிநாட்டு வேலை அனுபவமும் உடையவர் என்று வைத்துக்கொள்வோம். நான்கிலும் 6 பெற்றால் மொழிக்கு 64 புள்ளிகள். கேட்டலில் 8, ஏனைய மூன்றிலும் 7 பெற்றால் 116 புள்ளிகள். அத்துடன், மொழித்திறனைக் கல்வியுடனும் அனுபவத்துடனும் இணைத்துத் தரும் புள்ளிகள் 38இலிருந்து 75ஆக உயரும். ஆக, அதே பட்டம், அதே அனுபவம். ஆங்கிலம் ஒன்றால் மட்டும் 89 புள்ளிகள் கூடுகின்றன. அவரே எழுதுதலில் மட்டும் 7க்குப் பதிலாக 6.5 பெற்றுவிட்டால்? அந்த அரை மதிப்பெண் 44 புள்ளிகளைக் கொண்டுபோய்விடும்!

எனவே தங்களுடைய நான்கு திறன்களில் எது மெலிந்ததோ, அதுவே தங்கள் உண்மையான மதிப்பெண் என்று கொள்ளுங்கள். உழைப்பின் பெரும்பங்கு அதற்கே செல்லட்டும். விதிகள் அவ்வப்போது மாறுபவை. ஆகையால் விண்ணப்பிக்கும் முன் கனடா அரசின் அதிகாரபூர்வ அறிவிப்பைத் தாங்களே படித்து உறுதி செய்துகொள்வது அவசியம்.

முதலில் அளவெடுங்கள்

நம்மவர்கள் பெரும்பாலோர் முதலில் தேர்வு நாளைப் பதிவு செய்கிறார்கள். பிறகு படிக்கத் தொடங்குகிறார்கள். தையற்காரர் அளவெடுக்காமல் துணியை வெட்டுவதற்கு ஒப்பானது இது. தேர்வு நடத்துவோர் மாதிரி வினாத்தாள்களை இலவசமாகவே தருகின்றனர். ஒரு விடுமுறை நாளில் கதவைச் சாத்திக்கொண்டு, கடிகாரத்தை எதிரே வைத்து, ஒரு முழுத் தேர்வை எழுதிப் பாருங்கள். தேர்வுக் கட்டணம் இந்தியாவில் 15,000 ரூபாய்க்கும் மேல். வீட்டில் எழுதிப் பார்ப்பதற்குக் காசில்லை.

வளைகுடாவில் பத்தாண்டு பணியாற்றியவர்களுக்குச் சிறப்பாக ஒன்று கூற வேண்டும். பல நாட்டவரோடு பழகியதால் தங்களுக்குப் பேச்சில் கூச்சமிராது, அது நன்மை. ஆனால் அங்கே பழகிய ஆங்கிலம், வேலை நடப்பதற்கு மட்டும் போதுமான ஆங்கிலம். வினைச்சொல்லின் காலமும் சொற்களின் ஒழுங்கும் அங்கே எவராலும் திருத்தப்படுவதில்லை. இத்தேர்வில் திருத்தப்படும்.

நான்கு திறன்கள்

கேட்டல்: ஒலிப்பதிவு ஒருமுறை மட்டுமே ஒலிக்கும். பெயர்களின் எழுத்துக்கூட்டு, தொலைபேசி எண், தேதி, விலை ஆகியவற்றைக் கேட்டெழுதப் பழகுங்கள். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டையும் பிரித்தறியாமல் மதிப்பெண் இழப்போர் ஏராளம். “இரண்டு சொற்களுக்கு மிகாமல்” என்று கேட்டிருக்க, மூன்று சொற்கள் எழுதினால் விடை சரியாயினும் மதிப்பெண் இல்லை. எழுத்துப்பிழைக்கும் அதே நிலைதான். தவறான விடைக்குக் கழிவு கிடையாதாகையால், எந்த இடத்தையும் வெறுமையாக விடலாகாது.

படித்தல்: முழுவதையும் சொல் சொல்லாகப் படித்து முடிக்க நேரம் போதாது. முதலில் வினாவைப் படித்து, பின்னர் விடை இருக்கும் பத்தியைத் தேடுங்கள். “கூற்று தவறு” என்பதற்கும் “அதுபற்றிக் கூறப்படவில்லை” என்பதற்கும் உள்ள வேறுபாட்டில்தான் பலர் தடுமாறுகின்றனர். எழுதியவர் மறுத்திருந்தால் தவறு. வாய் திறவாதிருந்தால் கூறப்படவில்லை. நமக்கு வெளியே தெரிந்த செய்தியை அதனுள் புகுத்தக் கூடாது.

எழுதுதல்: முதற்பணி 150 சொற்களில் ஒரு கடிதம், இரண்டாவது 250 சொற்களில் ஒரு கட்டுரை. கட்டுரைக்கு இருமடங்கு மதிப்பு. ஆகவே கடிதத்திற்கு 20 நிமிடமும் கட்டுரைக்கு 40 நிமிடமும் ஒதுக்குங்கள். கடிதத்தில் மூன்று குறிப்புகள் தரப்படும். ஒன்றை விட்டாலும் மதிப்பெண் குறையும். நம் அலுவலகங்களில் இன்றும் வழங்கும் “ரெஸ்பெக்டட் சார்”, “ஐ பெக் டு ஸ்டேட்” போன்ற பழைய வாசகங்களைத் தவிர்த்து, சொல்ல வந்ததை நேராகச் சொல்லுங்கள். மனனம் செய்த கட்டுரையைக் கொண்டுபோய் ஒட்டுவது பெருந்தவறு. திருத்துவோர் அதனை எளிதில் கண்டுகொள்வர்.

தமிழ் நமக்குத் தந்த பழக்கமொன்றும் இங்கே இடறும். ஆங்கிலத்தின் ‘எ’, ‘தி’ ஆகிய சிறுசொற்களுக்கு நேரான முறை தமிழில் இல்லை. எனவே அவற்றை நாம் விட்டுவிடுகிறோம், அல்லது வேண்டாத இடத்தில் சேர்க்கிறோம். எழுதி முடித்ததும் கடைசி ஐந்து நிமிடத்தை இவற்றைச் சரிபார்ப்பதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பேசுதல்: தேர்வாளர் தங்கள் கருத்தை எடைபோடுவதில்லை. தடையின்றிப் பேசுதல், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்கையே சமமாக மதிப்பிடுகிறார். வெள்ளையரைப் போல் நாவை வளைக்கத் தேவையில்லை. சொல்வது தெளிவாகப் புரிந்தால் போதும். “ஆம்”, “இல்லை” என்று சொல்லி நிறுத்தாமல், காரணத்தையும் ஓர் எடுத்துக்காட்டையும் சேர்த்துக் கூற வேண்டும். நடுப்பகுதியில் ஓர் அட்டையைத் தந்து, ஒரு நிமிடம் சிந்திக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். அதற்கு நல்ல பயிற்சி, நமக்குத் தெரிந்ததைத் தெரியாதவருக்கு விளக்குவது. நோன்புக் கஞ்சி எப்படிக் காய்ச்சப்படுகிறது என்பதை, அதைக் கண்டிராத ஒருவருக்கு ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் சொல்லிப் பாருங்கள். எந்தச் சொற்கள் தங்களிடம் இல்லை என்பது அப்போது விளங்கும்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதியும் உண்டு. தமிழ் எழுத்தில் ‘ஃப’, ‘ஷ’, ‘இஸட்’ ஒலிகளுக்கு இயல்பான இடமில்லாததால் தமிழர் பலர் அவற்றில் தடுமாறுவர். ஆனால் சிறுவயதில் மதரஸாவில் எழுத்துகளின் மக்ரஜ் பயின்ற நாவுக்கு அவை பழகியவையே. ‘திங்க்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலியும், மேற்பற்களின் விளிம்பில் நாவின் நுனியை வைத்து ஒலிக்கும் அரபு எழுத்தின் ஒலியே. ஓதும்போது காட்டும் கவனத்தை ஆங்கிலம் பேசும்போதும் காட்டினால் போதும்.

இல்லத்தரசியும் எழுதட்டும்

கணவர் தேர்வெழுதுகிறார், மனைவி பயணப் பெட்டிக்குக் காத்திருக்கிறார். இவ்வழக்கத்தை மாற்ற வேண்டிய காலம் இது. கனடாவின் முறையில் துணைவியின் ஆங்கிலத்திற்கும் 20 புள்ளிகள் வரை உண்டு. மனைவிக்குக் கல்வி, அனுபவம், ஆங்கிலம் ஆகியவை மிகுந்திருந்தால் அவரையே முதன்மை விண்ணப்பதாரராக்கலாம். 1988இல் கீழக்கரையில் தோன்றிய தாசிம் பீவி மகளிர் கல்லூரி போன்ற நிறுவனங்களில் பயின்று பட்டம் பெற்ற பெண்கள் நம்மிடையே ஏராளம். அப்பட்டங்கள் அலமாரியில் உறங்க வேண்டுமா?

பிரிட்டனில் வாழும் மணமகனுக்குப் பெண் கொடுப்போரும் இதை அறிந்திருக்க வேண்டும். 2010 நவம்பர் முதல், அங்கு செல்லும் மனைவி ஆங்கிலத்தில் கேட்கவும் பேசவும் அடிப்படைத் திறன் உடையவர் என்று நிறுவ வேண்டியுள்ளது. ‘ஏ1’ எனப்படும் அந்நிலை கடினமானதன்று. ஆனால் நிக்காஹ் முடிந்து விண்ணப்பிக்கும் நேரத்தில் கேள்விப்பட்டால், மாதக்கணக்கில் பிரிவு நேரும்.

இருவரும் சேர்ந்து படித்தால் பேச்சுத் துணைக்கு வெளியே செல்ல வேண்டியதில்லை. மூன்று மாதம் இவ்வாறு முயன்று பாருங்கள். சுப்ஹுக்குப் பின் அரைமணி நேரம் கேட்டல். பகலில் ஓர் ஆங்கில நாளேட்டின் தலையங்கம். வாரம் மூன்று நாள் கடிகாரம் வைத்து எழுதுதல். இரவு உணவுக்குப் பின் கால்மணி நேரம் இருவரும் ஆங்கிலத்தில் உரையாடுதல். அதைக் கைப்பேசியில் பதிவு செய்து மறுநாள் கேட்டால், குறை தங்கள் காதுக்கே புலப்படும். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும், அவர்களும் கற்றுக்கொள்வார்கள்.

குறுக்குவழி வேண்டாம்

“வினாத்தாள் முன்கூட்டியே கிடைக்கும்”, “தேர்வெழுதாமலே சான்றிதழ் தருகிறோம்” என்று கைப்பேசிக்கு வரும் செய்திகளை நம்பாதீர்கள். பிரிட்டனில் ‘டோயிக்’ என்னும் ஆங்கிலத் தேர்வில் ஆள்மாறாட்டம் நடந்ததை 2014இல் பி.பி.சி. தொலைக்காட்சி வெளிப்படுத்தியது. அதன்பின் எழுதப்பட்டிருந்த 58,000க்கும் மேற்பட்ட தேர்வுகளில் மிகப் பெரும்பாலானவை ஐயத்திற்குரியவை என்று அறிவிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான மாணவர்களின் விசாக்கள் ரத்தாயின. நேர்மையாக எழுதியவர்களும் தம் பெயரை மீட்கப் பல்லாண்டுகள் நீதிமன்றம் ஏற நேர்ந்தது. சிலர் செய்த பொய் பலரைச் சுட்டது.

கனடாவில் பொய்யான ஆவணம் அளித்தது உறுதியானால் ஐந்தாண்டு அந்நாட்டில் நுழையத் தடை. அவ்வைந்து ஆண்டுகளில் விண்ணப்பதாரரின் வயது ஏறும். வயதுக்கான புள்ளிகள் குறையும். தரகரோ அடுத்த ஆளைத் தேடிப் போயிருப்பார். பொய்யால் கிடைத்த விசாவில் சென்றாலும், அங்கே மருத்துவரிடமும் பிள்ளையின் ஆசிரியரிடமும் பேச வேண்டியவர் தாங்களேயல்லவா?

மதிப்பெண்ணுக்கு ஆயுளும் உண்டு. இரண்டாண்டுகளுக்கு உட்பட்ட சான்றிதழையே கனடா ஏற்கிறது. பட்டச் சான்றிதழ் மதிப்பீடு முதலிய ஏனைய ஆவணங்கள் தயாராகும் காலத்தையும் கணக்கிட்டுத் தேர்வு நாளைக் குறியுங்கள்.

தமிழும் இருக்கட்டும்

ஆங்கிலத்தில் இத்தனை முயன்றால் பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவார்களே என்று வீட்டுப் பெரியவர்கள் கவலைப்படலாம். கண்டியில் வாழ்ந்த வழக்கறிஞர் சித்தி லெப்பை அவர்களை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் தமிழ் இதழைத் தொடங்கியவர் அவர். தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றான ‘அசன்பே சரித்திர’த்தை 1885இல் வெளியிட்டவரும் அவரே. அவர்தான் முஸ்லிம் பிள்ளைகள் ஆங்கிலம் கற்றே ஆக வேண்டும் என்று ஊர் ஊராகப் போராடினார். 1892இல் கொழும்பு மருதானையில் பிறந்து, பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பள்ளிக்கூடத்தின் பின்னே அவருடைய உழைப்பு இருந்தது. ஒரு மொழியைப் பற்றியதால் அவர் மற்றொன்றை விட்டுவிடவில்லை.

தாங்களும் அவ்வாறே இருங்கள். வீட்டில் தமிழ் ஒலிக்கட்டும். நாளொன்றுக்குச் சில மணி நேரம் ஆங்கிலமும் ஒலிக்கட்டும். தேர்வு நாள் வரும்போது, அது பழகிய செயலொன்றைச் செய்து காட்டும் நாளாக மட்டுமே இருக்கும், இன்ஷா அல்லாஹ்.