சங்குமுகத்தில் ஒரு தட்டு சில்லி சிக்கன்

சங்குமுகம் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சூரியன் இறங்கியதும் கூட்டம் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி, கானாயி குஞ்ஞிராமன் உருவாக்கிய 87 அடி நீளச் சாகரகன்யகா சிற்பத்தைச் சுற்றி, கடலையும் ஐஸ்கிரீமுமாக அங்கேயே தங்கிவிடும். மறுபாதி, பிள்ளைகள் காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுச் சாப்பிட இடம் தேடி ரோட்டுக்கு ஏறும். அப்படி ஏறுகிற குடும்பங்களில் பல போய் உட்காருவது ஏழெட்டு மேஜை போட்ட சின்ன சைனீஸ் கடைகளில்தான். வலியதுறை, வேளி, தெற்கே கோவளம் என்று கரையோரத் தெருக்களில் இந்த மாதிரிக் கடைகளைப் பார்க்கலாம். சுவரில் ஒரு சிவப்புத் தாள் விளக்கு தொங்கும். மெனு அட்டையின் பிளாஸ்டிக் உறை கடல் காற்றில் பிசுபிசுக்கும்.

நட்சத்திர ஹோட்டல்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தக் கடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. எழுதினாலும் "இது நிஜ சைனீஸே இல்லை" என்று ஒரு வரியில் ஒதுக்கிவிடுவார்கள். அந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. சீனாவில் இந்தச் சாப்பாடு கிடைக்காது என்பது சரி. அதனால் இது போலி ஆகிவிடாது. இந்தியாவில் பிறந்து வளர்ந்த சீனர்கள், இந்திய நாக்கைப் புரிந்துகொண்டு இங்கேயே உண்டாக்கிய சமையல் இது. அவர்களுக்கு இந்த நாடு செய்த அநியாயத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

முதலில் மேஜையைப் பார்ப்போம். திருவனந்தபுரத்தில் ஒரு குடும்பம் சைனீஸ் சாப்பிட உட்கார்ந்தால் ஆளுக்கொரு தட்டு என்று யாரும் வாங்குவதில்லை. நடுவில் ஒரு பெரிய பிரைட் ரைஸ், ஒரு நூடுல்ஸ், ஒரு சில்லி சிக்கன் அல்லது பீஃப் சில்லி, ஒரு கோபி மஞ்சூரியன், கூடவே பொரோட்டா. கடைசியில் சொன்னதுதான் இந்த ஊரின் கையெழுத்து. சில்லி சிக்கனின் கெட்டிச் சாற்றைப் பொரோட்டாவின் அடுக்குகளில் வழித்துச் சாப்பிடுவது கொல்கத்தாவிலோ மும்பையிலோ நான் பார்க்காத ஒன்று. சோயாவின் உப்பும் வினிகரின் புளிப்பும் பொரோட்டாவின் எண்ணெயோடு சேரும்போது கிடைக்கிற ருசிக்கு நான் எந்த விமர்சகரிடமும் வாதாடத் தயார்.

சாலைக் கடைத்தெரு, கரமனை, வலியசாலை என்று தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் நகரம் இது. 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் கல்யாண உறவும் சொந்தபந்தமும் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அதனால் பக்கத்து மேஜையில் இரண்டு மொழியும் கலந்து கேட்கும். சங்குமுகத்துக் கடையொன்றில் ஆர்டர் எடுக்க வந்த பையன் "அம்மே, எரிவு குறைக்கணோ?" என்றான். நாகர்கோவில் பக்கத்துப் பாட்டி நிமிர்ந்து பார்த்து, "கொறைக்காண்டாம் மக்கா, பிள்ளைகளுக்கு மட்டும் தனியா வச்சிரு" என்றார். பையனுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

அதே கடையின் சமையலறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். சமைப்பவர் டார்ஜிலிங் மலைக்காரர். சென்னையில் பாத்திரம் கழுவத் தொடங்கி, பெங்களூரில் காய் நறுக்கி, இங்கே வந்து அடுப்பில் ஏறியிருக்கிறார். கரண்டி பிடித்த கை ஓயாமல் ஓடுகிறது. அன்று வந்த ஆர்டர் கணவாய் சில்லி. வளையமாக நறுக்கிய கணவாயைச் சோளமாவில் லேசாகப் புரட்டி, கொதிக்கும் எண்ணெயில் போட்டு, முழுசாக ஒரு நிமிஷம்கூட விடாமல் அள்ளி எடுத்தார். கணவாய் ஒரு நிமிஷம் கூடுதலாக வெந்தால் ரப்பர்தான். பிறகு சட்டியில் எண்ணெய் புகைய, நசுக்கிய பூண்டும் இஞ்சியும் விழுந்தன. கீறிய பச்சை மிளகாய், சதுரமாக நறுக்கிய வெங்காயம், குடைமிளகாய் எல்லாம் அடுத்தடுத்துப் போயின. ஹை பிரஷர் அடுப்பின் தீ சட்டியின் விளிம்பைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தது. சோயா சாஸை நடுவில் ஊற்றாமல் சட்டியின் ஓரத்தில் ஊற்றினார். பழுத்த இரும்பில் பட்ட சாஸ் உடனே கருகி வாசனையாகி உள்ளே இறங்கியது. வீட்டு அடுப்பில் நாம் எவ்வளவு முயன்றாலும் வராத வாசனை அதுதான். கடைசியில் அரைக் கரண்டி சோளமாவுக் கரைசல், ஒரு தூக்கு, ஒரு உதறல், தட்டு.

பிரைட் ரைஸுக்கான சோறு மத்தியானமே வடித்து, பரப்பி, ஆறவைத்தது. சூடு ஆறும்போது சோற்றின் மாவுச்சத்து இறுகிவிடும். அதன் பிறகு சட்டியில் எவ்வளவு புரட்டினாலும் பருக்கை உடையாது, ஒட்டாது. அவசரத்தில் சூடான சோற்றைப் போட்டுப் புரட்டுகிற கடையை ஒரே வாயில் கண்டுபிடித்துவிடலாம். முட்டைக்கோஸ், கேரட் எல்லாம் சாலைச் சந்தைக்குத் தமிழ்நாட்டிலிருந்து லாரியில் வருபவை. சைனீஸ் தட்டில் நாம் சாப்பிடுகிற காய்க்கு ஊட்டி மலையிலோ ஓசூரிலோதான் வேர் இருக்கிறது.

இந்தச் சமையலின் வேரைத் தேடினால் கொல்கத்தாவுக்குப் போக வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், அச்சு என்ற சீன வணிகர் ஹூக்ளி ஆற்றங்கரையில் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை போட்டார். அந்த இடத்துக்கு இன்றும் அச்சிப்பூர் என்றுதான் பெயர். அவருக்குப் பின்னால் ஹக்கா சீனர்கள் தோல் பதனிட வந்தார்கள். காண்டனீஸ்காரர்கள் தச்சுவேலைக்கு வந்தார்கள். பல் வைத்தியம் பார்க்கிறவர்கள் ஹூபே மாநிலத்திலிருந்து வந்தார்கள். டிரெட்டா பஜாரும் டாங்கராவும் சீனப் பேட்டைகள் ஆயின. இந்தப் பேட்டைகளின் சமையலறைகளில்தான் பச்சை மிளகாயும் சோயாவும் கைகுலுக்கின.

1962 அக்டோபரில் சீனாவோடு போர் மூண்டது. நவம்பரில், அசாமிலும் வங்காளத்தின் மலைப் பகுதிகளிலும் குடியிருந்த சீனக் குடும்பங்களின் கதவை போலீஸ் தட்டியது. சுமார் 3,000 பேர் பிடிக்கப்பட்டு, பல நாள் ரயில் பயணத்தில், ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போர்க் கைதிகளை அடைத்து வைத்திருந்த முகாம் அது. பிடிபட்டவர்களில் குழந்தைகளும் கிழவர்களும் இருந்தார்கள். பலர் இந்தியாவில் பிறந்தவர்கள், சீனாவைக் கண்ணால் பார்க்காதவர்கள். யார் மீதும் வழக்கில்லை, விசாரணையில்லை. போர் ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது. ஆனால் முகாமில் சிலர் நாலைந்து வருஷம் கிடந்தார்கள். வெளியே வந்தபோது பலருடைய வீடும் கடையும் ஏலத்தில் போயிருந்தன. அதற்குப் பிறகும் அடுத்த ஊருக்குப் போக போலீஸ் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. இன்றுவரை இந்திய அரசு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. முகாமில் பிறந்த ஜாய் மா, திலீப் டிசௌசாவோடு சேர்ந்து 2020-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். நம் பள்ளிப் பாடங்களில் இதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் எதிர்பார்க்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பலர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். டொரண்டோவில், குறிப்பாக ஈழத் தமிழர்கள் அதிகம் வாழும் ஸ்கார்பரோவில், ஹக்கா சாப்பாட்டுக் கடைகள் நடத்துவது பெரும்பாலும் இந்த இந்தியச் சீனர்கள்தான். யுத்தத்தில் ஊரை இழந்து போன தமிழ்க் குடும்பம், முகாமில் வாழ்வை இழந்து போன குடும்பத்தின் கையால் சில்லி சிக்கன் வாங்கிச் சாப்பிடுகிறது. இரண்டு பேருமே நம்மவர்கள் என்பதை அங்கே போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இங்கேயே தங்கியவர்கள் சமையலைப் பரப்பினார்கள். கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975-ல் மும்பையின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சமைத்துக்கொண்டிருந்தார். புதுசாக ஏதாவது வேண்டும் என்று ஒருவர் கேட்க, இந்தியக் குழம்புக்கான பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாயை வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றி, சோளமாவில் பொரித்த கோழியைச் சேர்த்துக் கொடுத்தார். சிக்கன் மஞ்சூரியன் பிறந்தது அப்படித்தான். கோழியை எடுத்துவிட்டுக் காலிஃப்ளவரைப் போட்டதும் அது சைவர்களின் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் டாங்கராவின் தோல் தொழிற்சாலைகளை நகரத்துக்கு வெளியே போகச் சொன்னபோது, பல குடும்பங்களுக்குச் சாப்பாட்டுக் கடையே கதியானது. அங்கே கற்ற நேபாளி, வங்காளி, மணிப்பூரிக் கைகள் நாடெங்கும் பரவின. சங்குமுகத்துச் சட்டியைப் பிடித்திருக்கும் கை அந்த வரிசையில் வந்ததுதான்.

நம் பக்கத்திலும் ஒரு சின்ன அத்தியாயம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் மலேயாப் பக்கத்திலிருந்து சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகள் நீலகிரியின் சின்கோனாத் தோட்டங்களில் வேலை செய்தார்கள். விடுதலையானவர்களில் சிலர் நடுவட்டம் பக்கம் தமிழ்ப் பெண்களை மணந்து காய்கறி பயிரிட்டதை இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார்.

திருவனந்தபுரத்துக் கடைகளுக்கு ஒரு பாக்கியம் உண்டு. மீன். விழிஞ்ஞத்துத் தூண்டில்காரர்கள் மழை ஓய்கிற மாதங்களில் கொண்டுவரும் கணவாய், சாயங்காலமே இந்தச் சமையலறைகளுக்கு வந்துவிடும். ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை, 52 நாள், கேரளத்தில் விசைப்படகு இழுவலைக்குத் தடை. நாட்டுப் படகுகளுக்குத் தடை கிடையாது. அந்த நாட்களில் மெனு அட்டையை நம்பாமல் இன்றைக்கு என்ன வந்தது என்று கேட்பதுதான் நல்லது. 2025 மே மாதம் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கி, பிளாஸ்டிக் மணிகள் இந்தக் கரைகளிலும் ஒதுங்கியபோது ஜனங்கள் மீன் வாங்கவே தயங்கினார்கள். கப்பல் கம்பெனியின் நஷ்டத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கும். வாங்குவார் இல்லாமல் கூடையோடு திரும்பிய மீன்காரப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது?

அதே விழிஞ்ஞத்தில் இப்போது பெரிய துறைமுகம் வந்திருக்கிறது. 2023 அக்டோபரில் ஷென் ஹுவா 15 கப்பல் சீனாவிலிருந்து கிரேன்களைக் கொண்டுவந்தது. 2024 ஜூலையில் வந்த முதல் தாய்க்கப்பல் சான் ஃபெர்னாண்டோ, சீனாவின் ஷியாமென் துறைமுகத்திலிருந்து வந்தது. மூட்டை மூட்டையாகச் சரக்கு வரட்டும். ஆனால் இதே கடலோரத்து மீனவர்கள் 2022-ல் மாதக்கணக்கில் போராடியது கரை அரிக்கிறது என்பதற்காகத்தான். சங்குமுகத்தில் கடல் மணலைத் தின்று ரோட்டையே விழுங்கிய வருஷங்களை நாம் பார்த்திருக்கிறோம். நிலத்துக்குள் கான்கிரீட் சுவர் இறக்கித்தான் ரோட்டை மீட்டார்கள். கரை இருந்தால்தான் படகு, படகு இருந்தால்தான் கணவாய்.

குறைகளும் உண்டு. முதல் குறை, அந்தச் சிவப்பு. கோபி மஞ்சூரியனில் செயற்கைக் கலர் சேர்ப்பதைக் கர்நாடக அரசு 2024 மார்ச்சில் தடை செய்தது. இங்கும் சில கடைகளில் பொரித்த காலிஃப்ளவர் கண்ணைக் குத்துகிறது. வத்தல் மிளகாயை ஊறவைத்து அரைத்தாலே போதிய நிறம் வரும். கலர் பொடி சோம்பேறித்தனம், அவ்வளவுதான். காலையிலேயே பொரித்து வைத்த கோபியை ராத்திரி சாஸில் புரட்டித் தருவதும் அதே வகை. இன்னொன்று, குழிமந்திச் சோறும் அல்ஃபாம் கரிக்கோழியும் கேரளத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு பல கடைகள் அதே சமையலறையில் மூன்று நாட்டுச் சாப்பாட்டையும் சமாளிக்கப் பார்க்கின்றன. ஒரே ஆள் கரி அடுப்பையும் சட்டியையும் பார்த்தால் இரண்டும் கெடும். மெனு அட்டை நாலு பக்கத்துக்கு மேல் போனால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

ஏழரை மணிக்கு முன்னால் போய்விட்டால் சமைப்பவருக்கு அவகாசம் இருக்கும். கலர் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். கணவாய் கிடைத்தால் சில்லி போடச் சொல்லுங்கள், கிரேவி வேண்டாம், டிரை. பொரோட்டாவைச் சில்லி சிக்கனோடு வாங்குங்கள். சமைப்பவரைக் கூப்பிட்டு எந்த ஊர் என்று கேளுங்கள். டார்ஜிலிங்கோ கலிம்போங்கோ என்றால், துக்பா போடுவாரா என்றும் கேட்டுப் பாருங்கள். மெனுவில் இருக்காது. கடை மூடும் நேரத்தில் சமையலறைக்காரர்கள் தங்களுக்காகக் கொதிக்கவைக்கிற நூடுல்ஸ் சூப் அது. எலும்புச் சாறு, கீரை, நசுக்கிய இஞ்சி, மேலே காந்தாரி மிளகாய் ஊறிய வினிகர் இரண்டு சொட்டு. பத்தரை மணிவரை காத்திருக்க முடிந்தால் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிவிடுங்கள், விலையை அவர் சொல்லும்வரை விடாமல் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.