முழங்கால் மடங்கினால் யாரிடம் போவது? புத்தளம் கரையோரத்துக்கு ஒரு விளையாட்டு பிசியோதெரபிப் பயிற்சி

புத்தளத்திலோ கற்பிட்டியிலோ மாலை நேர உதைபந்தாட்டப் போட்டி பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பந்தோடு ஓடும் இளைஞன் சட்டென்று திரும்புகிறான். யாரும் அவனை இடிக்கவில்லை. முழங்காலுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். காலைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிடுகிறான். தண்ணீர் ஊற்றுகிறார்கள், ஐஸ் வைக்கிறார்கள், இரண்டு பேர் தோள் கொடுத்து முச்சக்கர வண்டியில் ஏற்றுகிறார்கள். வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு முறியவில்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பிறகு முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டு. சில வாரங்களில் வீக்கம் வடிகிறது. பையன் மறுபடியும் மைதானத்துக்குப் போகிறான். அடுத்த முறை அதே கால் மடங்கும்போது மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பும் கிழிகிறது. இருபத்திரண்டு வயதில் அவன் 'முன்னாள் வீரன்' ஆகிவிடுகிறான்.

எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. அது எலும்பைத்தான் காட்டும். கிழிந்தது முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் ஏ.சி.எல். என்ற சவ்வு. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பழகிய கை இருந்தால், காலை மெதுவாக மடித்து முன்னே இழுத்துப் பார்க்கும் ஒரு பரிசோதனையிலேயே வலுவான சந்தேகம் வந்துவிடும். எம்.ஆர்.ஐ. அதை உறுதிப்படுத்தத்தான். இந்தக் கரையில் முதலில் வேண்டியது அந்தப் பழகிய கை.

புத்தளம் கரையில் விளையாட்டை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் இந்த மாவட்டத்தில்தான் ஒதுங்கினார்கள். முகாமில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைப் பையன்களுக்கு விளையாட்டுக் கழகத்தின் பெயர் ஓர் ஊரின் பெயரைப் போல இருந்தது. தெற்கே உடப்பில் தமிழ் மீனவக் குடும்பங்கள், சிலாபம் பக்கம் கத்தோலிக்க மீனவர்கள். இவர்களில் பலருக்குக் காலையில் கரைவலை இழுக்கும் முழங்காலும் மாலையில் பந்து உதைக்கும் முழங்காலும் ஒன்றுதான். கால் போனால் கோப்பை மட்டும் போவதில்லை, அடுப்பும் எரியாது. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் இருக்கும் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தப் பழகிய கையை எப்படி உருவாக்குவது? பிசியோதெரபியில் பட்டம் பெறுபவர் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறார்: பக்கவாதம், சுவாசம், குழந்தைகள், எலும்பு முறிவு. நம் நாட்டில் பேராதனை, கொழும்பு பல்கலைக்கழகங்களும் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகமும் இந்தப் பட்டத்தை வழங்குகின்றன. பட்டத்துக்குப் பிறகு ஒரு துறையில் ஆழமாக இறங்குவதற்கு அமெரிக்காவில் 'ரெசிடென்சி' என்று ஒரு முறை இருக்கிறது. வைத்தியர்கள் பட்டம் முடித்த பின் மூத்த நிபுணரின் கீழ் ஆண்டுக்கணக்கில் வேலை செய்து பழகுகிறார்களே, அதுபோலத்தான்.

அங்குள்ள அங்கீகார சபை கேட்கும் கணக்கு இது: மொத்தம் குறைந்தது 1,800 மணித்தியாலம். அதில் 300 படிப்பு, 1,500 நோயாளரைப் பார்ப்பது. அந்த 1,500க்குள் 150 மணித்தியாலம் ஒரு மூத்தவர் ஒரேயொரு பயிற்சியாளரோடு அமர்ந்து வழிகாட்ட வேண்டும். முழு ரெசிடென்சியின் உயிரும் இந்த 150இல்தான் இருக்கிறது. பயிற்சியாளர் நோயாளியைச் சோதிக்கிறார், மூத்தவர் வாய் திறக்காமல் பார்க்கிறார். நோயாளி போனதும் கேள்வி வருகிறது: ஏன் இடுப்பைச் சோதிக்கவில்லை? அவர் 'படியில் இறங்கும்போது' என்று சொன்னபோது ஏன் நிறுத்திக் கேட்கவில்லை? ஒரு வருடம் இப்படிக் கேள்வி வாங்கியவரின் கையும் கண்ணும் மாறிவிடும்.

விளையாட்டுத் துறை ரெசிடென்சியில் இன்னொரு பாதி மைதானத்தில் நடக்கிறது. விழுந்தவனைத் தூக்கலாமா, கழுத்தை அசைக்காமல் வைக்க வேண்டுமா என்று சில விநாடிகளில் முடிவெடுக்க வேண்டும். தலையில் அடிபட்டு ஒரு கணம் தடுமாறியவன் 'எனக்கு ஒன்றுமில்லை' என்பான், பயிற்றுநரும் 'விடுங்கள், ஆடட்டும்' என்பார். அன்றைய நாள் அவன் திரும்ப இறங்கக்கூடாது என்பதுதான் உலகெங்கும் இன்றைய விதி. அதைச் சொல்லும் துணிவும் பயிற்சியால்தான் வரும்.

இதைத் தனியார் சிகிச்சை நிலையம் ஒன்று செய்ய முடியுமா? முடியும். அமெரிக்காவில் பல ரெசிடென்சிகள் தனியார் நிலையங்களில்தான் நடக்கின்றன, பாடசாலை அணிகளோடும் கல்லூரிகளோடும் ஒப்பந்தம் செய்துகொண்டு. ஆனால் கட்டடமும் கட்டில்களும் மின்சிகிச்சைப் பெட்டிகளும் வாங்கிவிட்டால் ஆயிற்று என்று தொடங்குபவர்கள் தோற்பார்கள். முதலில் வேண்டியவர் வழிகாட்டி. 150 மணித்தியாலம் என்றால் வாரத்துக்கு மூன்று, ஐம்பது வாரம். அந்த மூன்று மணித்தியாலமும் அவர் கட்டணம் வாங்கி நோயாளிகளைப் பார்த்திருக்கக்கூடிய நேரம். அந்த இழப்பை யார் தாங்குவது என்பதை எழுத்தில் தீர்க்காமல் தொடங்கினால், மூன்றாவது மாதத்தில் வழிகாட்டல் தேநீர் இடைவேளைப் பேச்சாகச் சுருங்கிவிடும்.

அடுத்தது நோயாளர். புத்தளம் நகரில் உள்ள ஒரு நிலையத்துக்கு முதுகுவலிக்காரர் நிறையப் பேர் வருவார்கள். சத்திரசிகிச்சை முடித்த விளையாட்டு வீரர்கள் தாமாக வரமாட்டார்கள். கொழும்பு 130 கிலோமீற்றர் தூரம். அங்கே சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் ஒவ்வொரு வாரமும் பஸ் ஏறிப் போய்ப் பயிற்சி செய்ய முடியாமல் இடையில் விட்டுவிடுகிறார். எலும்பு சத்திரசிகிச்சை நிபுணர்கள் இப்படிப்பட்டவர்களைப் புத்தளத்துக்கே அனுப்புவதாக ஓர் உடன்பாடு இருந்தால் இரு பக்கமும் நன்மை. கழகங்களோடும் பாடசாலைகளோடும் அதுபோலவே.

சட்டப் பக்கம் சுருக்கமானது. பிசியோதெரபிஸ்டுகள் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். ஒரு எச்சரிக்கை: பல்கலைக்கழகமோ அங்கீகார அமைப்போ பின்னால் இல்லாமல் ஒரு நிலையம் தானே அச்சடித்துக் கொடுக்கும் 'ரெசிடென்சி' சான்றிதழுக்கு வெளியில் மதிப்பில்லை. பயிற்சி நல்லதாக இருக்கலாம். ஆனால் இளம் பட்டதாரியிடம் ஒரு வருடத்தைக் கேட்கும்போது அந்தத் தாளின் பெறுமதி எவ்வளவு என்பதை முதல் நாளே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

என்ன கற்றுக்கொடுப்பது? ஏ.சி.எல். சத்திரசிகிச்சைக்குப் பின் எப்போது மைதானத்துக்குத் திரும்பலாம் என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம். வலி இல்லை, வீக்கம் இல்லை, ஐந்து மாதமாகிவிட்டது, போட்டி வருகிறது. நம் ஊர்களில் முடிவு பெரும்பாலும் இப்படித்தான் எடுக்கப்படுகிறது. 2016இல் வெளிவந்த நோர்வே ஆய்வொன்று, ஒன்பது மாதம் வரை திரும்புதலைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயப்படும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைவதைக் கண்டது. மாதக் கணக்கு மட்டும் போதாது. காயப்பட்ட காலின் பலமும் ஒற்றைக் காலில் தாவும் தூரமும் மற்றக் காலில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். தாவலை அளக்க ஓர் அளவுநாடா போதும்.

தடுப்பது இன்னும் மலிவு. 'ஃபிஃபா 11 பிளஸ்' என்பது இருபது நிமிட உடற்பயிற்சித் தொகுப்பு. பந்தும் வெறும் நிலமும் போதும். நோர்வேயில் 13 முதல் 17 வயதுடைய 1,892 சிறுமிகளிடம் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்களவு குறைந்தன. ரெசிடென்சியில் இருப்பவர் வாரம் இருமுறை ஒரு கழகத்தில் இதை நடத்தினால் அவருக்கும் பயிற்சி, கழகத்துக்கும் பயன். சிறுமிகளின் கரப்பந்தாட்ட அணிகளுக்கு ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட் போனால்தான் பெற்றோர் சம்மதிப்பார்கள் என்பதையும் ஆட்களைத் தெரிவுசெய்யும்போதே நினைவில் வைக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பாடத்திட்டத்தை அப்படியே கொண்டுவந்து வைக்க முடியாத இடமும் ஒன்று உண்டு. இங்கே பலருடைய உடம்பில் இன்னும் எறிகணைச் சிதறல் இருக்கிறது. சிலருக்கே அது மறந்துபோயிருக்கும். உடம்புக்குள் உலோகத் துண்டு இருப்பவருக்கு ஷோர்ட்வேவ் வெப்பச் சிகிச்சை கொடுத்தால் அந்தத் துண்டைச் சுற்றியுள்ள தசை வெந்துபோகலாம். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் உள்ள இரும்புத் துண்டை அசைத்துவிடலாம். ஆகவே வன்னியிலிருந்தோ மன்னாரிலிருந்தோ வரும் எவரிடமும், அவர் வந்தது தோள்வலிக்கே ஆனாலும், முதல் கேள்வி இதுவாக இருக்க வேண்டும்: "உங்கட உடம்பில எங்கயாவது சன்னம், பீஸ் ஏதும் இருக்கா?" அதை எந்தத் தொனியில் கேட்பது என்பதும் பாடம்தான். சிலருக்கு அந்தக் கேள்வி பொலிஸ் கேள்வி போலக் கேட்கும். கதவைச் சாத்திவிட்டு, ஏன் கேட்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிட்டு, பதிலைத் தமிழிலேயே வாங்க வேண்டும்.

கால் இழந்தவர்களுக்கும் இதில் இடம் உண்டு. டோக்கியோ பராலிம்பிக்கில் 67.79 மீற்றர் ஈட்டி எறிந்து தங்கம் வென்ற தினேஷ் பிரியந்த ஹேரத் போரில் கையில் காயப்பட்ட இராணுவ வீரர். காயப்பட்ட படையினருக்கு றாகமையில் ஒரு புனர்வாழ்வு நிலையம் இருந்தது. வடக்கில் காயப்பட்ட பொதுமக்களுக்கு யாழ்ப்பாணத்தின் ஜெய்ப்பூர் நிலையம் போன்றவை செயற்கைக் கால் கொடுத்து நடக்க வைத்தன. நடப்பதற்கும் ஓடுவதற்கும் இடையில் இருக்கும் வேலை விளையாட்டு பிசியோதெரபியின் வேலை. செயற்கைக் காலோடு கரப்பந்து ஆட விரும்பும் ஒருவரின் மற்ற முழங்காலும் முதுகும் தேய்ந்துபோகாமல் பார்க்கத் தெரிந்தவர்கள் நமக்கு மிகக் குறைவு.

பயிற்சி முடித்தவர் அவுஸ்திரேலியாவுக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவாரே என்பார்கள். சிலர் போவார்கள்தான். ஒப்பந்தம் போட்டுக் கட்டிவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முடித்தவருக்கு இதே கரையில் ஒரு வேலையும், அடுத்தவருக்கு வழிகாட்டும் பொறுப்பும் காத்திருந்தால் இருவரில் ஒருவராவது நிற்பார்.

முழு ரெசிடென்சிக்குக் காத்திராமல் சிறிதாகவே தொடங்கலாம். சனி, ஞாயிறு போட்டி முடிந்ததும் திங்கட்கிழமை மாலை கழக வீரர்களுக்கென்று இரண்டு மணித்தியாலம், ஒரு மூத்தவர், ஓர் இளையவர், ஒரு கொப்பி. யாருக்கு, எந்த மூட்டில், எப்படி, எத்தனை நாள் விளையாடவில்லை என்று ஒரு பருவம் முழுக்க எழுதினால், பல்கலைக்கழகத்திடம் போய்ப் பேச அதுவே முதல் ஆவணம். வழிகாட்டியின் அந்த வாராந்த மூன்று மணித்தியாலத்துக்குப் பணம் எங்கே? ஒவ்வொரு சுற்றுப்போட்டிக்கும் புலம்பெயர்ந்த உறவுகள் ஜேர்சியும் கேடயமும் அனுப்புகிறார்கள். ஒரு வருடக் கேடயங்களின் செலவை இதற்குத் தருமாறு கேட்டுப் பார்க்கலாம்.