விருப்பத்தோடுதான் திரும்புகிறார்களா?

தமிழ்நாட்டில் அகதியாக வாழ்ந்த 75 வயது முதியவர் ஒருவர் 2025 மே மாதக் கடைசியில் இலங்கையின் பலாலி விமான நிலையத்தில் இறங்கினார். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு, தன் விருப்பத்தின் பேரில் ஊர் திரும்பியவர். போர்க்காலத்தில் முறையான கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டைவிட்டுப் போனார் என்று அங்கேயே அவரைக் கைது செய்தார்கள். கண்டனம் எழுந்த பிறகே விட்டார்கள்.

அதே மாதம் 19ஆம் தேதி, சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்ட (ஊபா) வழக்கில் தண்டனை முடித்த இலங்கைத் தமிழர் ஒருவர் தன்னைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று கேட்ட மனுவை நம் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எல்லா நாட்டு அகதிகளையும் வைத்துக்கொள்ள இந்தியா தர்மசத்திரம் அல்ல என்றது. போனால் கைது, இருந்தால் வெளியேற்றம் என்ற இந்த நெருக்கடியில், சர்வதேச வாக்குறுதிகள் யாருக்கு எவ்வளவு துணை நிற்கும்?

1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்டது; இன்றுவரை உறுதிசெய்யவில்லை. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையை 1979இல் ஏற்றது. ஆனால் வெளிநாட்டவரை வெளியேற்றுவது பற்றிய 13ஆவது பிரிவில், நம் உள்நாட்டுச் சட்டத்தையே பின்பற்றும் உரிமை உண்டு என்று எழுதிவைத்தே ஏற்றது. 2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் புலம்பெயர்வு பற்றிய உலக ஒப்பந்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. கூட்டமாகத் துரத்தக் கூடாது, திரும்புவோரின் பாதுகாப்பும் கண்ணியமும் காக்கப்பட வேண்டும் என்கிறது அதன் 21ஆவது இலக்கு. ஆனால் அந்த ஒப்பந்தம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. ஆகவே நடைமுறையில் பிடித்துக்கொள்ளக் கிடைப்பது நம் அரசமைப்பின் 21ஆவது பிரிவுதான். உயிர்வாழும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமல்ல என்று 1996இல் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இது சென்னையின் வேளச்சேரிக்கும் வரும் கதை. முகாமுக்கு வெளியே சொந்தச் செலவில் வாடகைக்குத் தங்கும் அகதிக் குடும்பம் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். 2021இல் தமிழக அரசு தந்த கணக்கில் முகாம்களில் ஏறத்தாழ 58,800 பேர், வெளியே 34,000 பேர். பக்கத்து வீட்டில் இருபது, முப்பது வருடம் குடியிருந்தாலும் குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் அவர்களில் பெரும்பாலோர் சட்டவிரோதக் குடியேறிகள். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இங்கேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளுக்குப் பிறப்பால் குடியுரிமை கிடையாது. வேளச்சேரியில் பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளை, தான் பார்த்தேயிராத நாட்டுக்குத் 'திரும்பு'வது எப்படி?

'தன்விருப்பம்' என்ற சொல்லைத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்கிறது. ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் 1992 ஜனவரியில் அகதிகளை அனுப்பத் தொடங்கினார்கள். உதவிகளைக் குறைத்து நெருக்குகிறார்கள், படிக்கத் தெரியாத ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று புகார்கள் வந்தன. பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். அந்த ஆண்டே, அகதிகளிடம் நேரில் கேட்டுச் சம்மதத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு ஐ.நா. ஆணையத்துக்கு வந்தது. 1995 மார்ச் வரை 99,469 பேர் திரும்பினார்கள். அதன்பின் அரசு ஏற்பாட்டில் கூட்டமாக அனுப்புவது நின்றுபோனது.

சம்மதம் கேட்டால் மட்டும் போதாது என்பதே என் கருத்து. இங்கே சட்டப்படி தங்க வழி இருக்கிறவர் 'போகிறேன்' என்று சொன்னால் அது விருப்பம். வேறு வழியே இல்லாதவர் சொன்னால் அதற்குப் பெயர் வேறு. பலாலிக் கைது இன்னொன்றையும் காட்டுகிறது: போய்ச் சேரும் நாடு வழக்குப் போடாது என்ற எழுத்துபூர்வ உறுதியை விமானம் ஏறும் முன்பே வாங்கியாக வேண்டும்.

2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டத்தை ஒட்டி, மத்திய அரசு ஒரு விலக்கு ஆணை போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள்மீது கடவுச்சீட்டு, விசா இல்லை என்பதற்காக நடவடிக்கை இருக்காது. நல்ல தொடக்கம், ஆனால் அது குடியுரிமை ஆகாது. 2022 பொருளாதார நெருக்கடியில் படகேறித் தனுஷ்கோடியில் வந்திறங்கி, மண்டபம் முகாமில் சேர்க்கப்பட்ட குடும்பங்கள் அந்தத் தேதிக்கு வெளியே நிற்கின்றன.