பின் இருக்கையில் ஒரு போர்வீரர்

உளுந்தூர்பேட்டையில் கிடக்கும் பழைய ஓடுதளத்தைப் பார்த்துவிட்டுத் திண்டிவனம் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "அந்தப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் நம்மவர்களும் பறந்தார்களா?"

பறந்தார்கள். உளுந்தூர்பேட்டை, சோழவரம், கயத்தாறு ஓடுதளங்களெல்லாம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தவை. திண்டிவனம், விழுப்புரம் வழியாக ரயில் போய்ச் சேரும் திருச்சியில்தான் 1942 டிசம்பர் 1 அன்று இந்திய விமானப் படையின் 8-ஆம் ஸ்குவாட்ரன் பிறந்தது. அதற்குக் கிடைத்தது, செங்குத்தாகப் பாய்ந்து குண்டுவீசும் 'வெஞ்சன்ஸ்' என்னும் அமெரிக்க விமானம். 1943 டிசம்பரில் அந்த ஸ்குவாட்ரன் பர்மாவின் அரக்கான் போர்முனையில் இறங்கியது.

வெஞ்சன்ஸின் விசேஷம் அதன் இறக்கை. மற்ற விமானங்களில் இறக்கையின் முன்விளிம்பு சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். செங்குத்தாகப் பாயும்போதும் அந்தச் சாய்வு விமானத்தை ஒருபக்கம் இழுக்கும், குறி தப்பும். வெஞ்சன்ஸின் இறக்கையில் சாய்வே கிடையாது. அதனால் தூக்குக்குண்டு போல நேராக இறங்கியது. காட்டுக்குள் மறைந்திருந்த பதுங்குகுழிகளைக் குறிவைக்க இதுதான் உதவியது. ஆனால் சமநிலையில் பறக்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டே போகவேண்டியிருந்தது. விமானிக்கு முன்பார்வை மறைந்தது.

அதில் இருவர்தான். முன்னே விமானி. பின்னே இருப்பவருக்கு வழிகாட்டல், வானொலி, துப்பாக்கி என மூன்று வேலை. வாலைப் பார்த்துத் துப்பாக்கி பிடித்திருக்கும் அவரை நினைக்கும்போது, சிறுவயதில் வைக்கோல் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து போனது எனக்கு நினைவு வரும். கடந்துபோன பாதை மட்டுமே கண்ணில் படும். எதிரே வருவது எதுவும் தெரியாது. விமானம் தலைகீழாகப் பாயும்போது அவர் மல்லாந்து வானத்தைப் பார்த்திருப்பார். தரை நெருங்குவது அவர் முதுகுக்குப் பின்னால். விமானி மூக்கை நிமிர்த்தும் நொடியில் உடல் எடை பல மடங்காகி இருக்கையில் அழுத்தும். தன் உயிரை முழுக்க இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டுத் தன் வேலையைச் செய்வதைவிடப் பெரிய துணிச்சல் உண்டா?

விமானிகளின் பெயராவது சில புத்தகங்களில் இருக்கிறது. பின் இருக்கைக்காரர்களை நாம் மறந்தேபோனோம். உளுந்தூர்பேட்டை ஓடுதளத்துக்கும் அதே கதிதான். அதன் வரலாற்றைச் சொல்லும் நல்ல பலகையொன்றை அங்கே நிறுத்துவது பெரிய செலவா?

விமானப் படையினர் தாங்கள் பறந்த ஒவ்வொரு பயணத்தையும் குறிப்பேட்டில் எழுதிவைப்பது வழக்கம். உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு குறிப்பேடோ பர்மாவிலிருந்து வந்த கடிதமோ இருந்தால், பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். படியெடுத்து அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறையிடம் கொடுங்கள்.