ஒரே வெடியில் போகும் காது



சில வருடங்களுக்கு முன்பு எங்கள் மருந்தகத்துக்கு ஒரு ஜாகா வந்தார். செம்பனை இளங்கன்றுகளின் குருத்தைக் குடைந்து தின்ற காட்டுப்பன்றிகளை விரட்ட, முதல் நாள் இரவு ஷாட்கன்னில் இரண்டு வெடி சுட்டிருக்கிறார். "டிரெசரையா, இடது காதுல வண்டு கத்துற மாதிரி ஒரே இரைச்சல். ஏதாச்சும் மருந்து ஊத்துங்க" என்றார். விளக்கு அடித்துப் பார்த்தேன். சவ்வு கிழியவில்லை. ரத்தம் இல்லை. "ரெண்டு நாள்ல சரியாப் போயிடும், அடுத்த தடவை பஞ்சு வச்சிக்கிட்டு சுடுங்க" என்று சொல்லி, கையில் ஒரு உருண்டை பஞ்சும் கொடுத்தனுப்பினேன்.

நான் செய்தது இரண்டு தப்பு. அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன். இன்றைக்கு அந்த மனிதர் பேரப்பிள்ளை பேசினால் வலது காதைத் திருப்பிக் கொடுக்கிறார்.

முதல் தப்பு, அவரை அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதது. வெடி சுட்டபின் காது அடைத்தாலும், இரைந்தாலும், ஒரு பக்கம் மந்தமானாலும் அது அவசரக் கேஸ்தான். காது மூக்கு தொண்டை டாக்டர் முதல் சில நாட்களுக்குள் மாத்திரை கொடுத்தால் சிலருக்குக் கேள்வி திரும்பும். நாள் கடத்தினால் அந்த வாய்ப்பும் போய்விடும். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, பூண்டு வைப்பது எல்லாம் இதற்கு உதவாது. கெட்டுப்போன இடம் சவ்வுக்கு உள்ளே, நத்தைக்கூடு போன்ற ஒரு சின்ன எலும்புக்குள் இருக்கிறது. அங்கே நுண்ணிய ரோம அணுக்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. செத்தால் மறுபடி முளைக்காது.

இரண்டாவது தப்பு, பஞ்சு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

புல்வெட்டும் மெசின் சத்தமும் கெடுதல்தான், ஆனால் அது வருடக்கணக்கில் தின்னும். துப்பாக்கி அப்படியல்ல. சத்தத்தை டெசிபெல் என்ற அளவில் சொல்வார்கள். மூன்று டெசிபெல் கூடினாலே சத்தத்தின் சக்தி இரண்டு மடங்கு. 85 டெசிபெல்லில் நாள் முழுக்க வேலை செய்தால் அதுவே எல்லை. சின்ன .22 ரைபிள்கூட 140-ஐத் தொடும். 12 போர் ஷாட்கன் 150-க்கு மேல், சிலது 160-ஐயும் தாண்டும். பெரிய சத்தம் வந்தால் காதுக்குள் ஒரு சிறு தசை சுருங்கித் தடுக்கப் பார்க்கும். ஆனால் வெடிச் சத்தம் கண் இமைப்பதற்குள் உள்ளே போய்விடுகிறது, தசை சுருங்குவது அதற்குப் பிறகுதான்.

ஜாகாவுக்கு இடது காது கெட்டதற்கும் காரணம் உண்டு. வலது தோளில் கட்டையை வைத்துச் சுடுகிறவருக்கு இடது காதுதான் குழல் வாய்க்குக் கிட்டே இருக்கும். வலது காதைத் தலை கொஞ்சம் மறைக்கும். அவரைவிட ஆபத்தில் இருப்பவர் பக்கத்தில் டார்ச்லைட் பிடித்து முன்னே நிற்கும் பையன். அவன் காதைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை.

முதலில் போவது மெல்லிய, கூரான ஒலிகள். "சாவி" என்றாலும் "காவி" என்றாலும் "தாவி" என்றாலும் "ஆவி" என்றுதான் விழும். "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்று ஒருவர் சொன்னால், வீட்டில் உள்ளவர்கள் கோபித்துக்கொள்ளாமல் காது டெஸ்டுக்கு அழைத்துப் போங்கள்.

இனி எதை வாங்குவது? பஞ்சு, விரல், காலித் தோட்டா, கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் இயர்போன், இதெல்லாம் வேண்டாம். துப்பாக்கி சுடும் போட்டி நடக்கும் சுடுகளங்களில் இப்படிப் போனால் நிற்கவே விடமாட்டார்கள். இருப்பது இரண்டு வகை. காதுக்குள் செருகும் நுரைச் செருகி, வெளியே கவிழ்க்கும் காதுமூடி.

நுரைச் செருகி மலிவு, ஒரு தோட்டா விலைகூட ஆகாது. ஆனால் பத்துப் பேரில் ஒருவர் ஒழுங்காக வைத்தாலே நான் சந்தோஷப்படுவேன். மெல்லிய பென்சில்போல உருட்ட வேண்டும். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாக வைத்தால் உங்கள் குரலே பானைக்குள் பேசுவதுபோல் கேட்கும். கண்ணாடியில் பார்த்தால் முனை நீட்டிக்கொண்டு தெரியக்கூடாது. களைக்கொல்லி அடித்த கையோடு உருட்டவே கூடாது. காதில் சீழ் வடிகிறவர் செருகியைத் தொட வேண்டாம், காதுமூடி போடட்டும்.

காதுமூடி வாங்கும்போது கவிழும் மெத்தையை அமுக்கிப் பாருங்கள். வெடித்தோ கெட்டியாகவோ இருந்தால் பயனில்லை. மூக்குக்கண்ணாடியின் காம்பும் தலைத்துண்டும் நடுவில் சிக்கினால் அந்த இடுக்கு வழியாகச் சத்தம் புகும். துண்டைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். பெரிய கிண்ணமாக இருந்தால் துப்பாக்கிக் கட்டையில் கன்னம் வைக்கும்போது இடித்துத் தூக்கிவிடும். சுடுகிறவருக்குத் தட்டையான கிண்ணமே நல்லது.

டப்பாவில் என்.ஆர்.ஆர். என்று ஒரு எண் இருக்கும். 25 என்று போட்டிருந்தால் 25 டெசிபெல் குறையும் என்று நம்பிவிடாதீர்கள். அது ஆய்வுக்கூடத்துக் கணக்கு. நம் வியர்வையிலும் அவசரத்திலும் பாதி கிடைத்தால் பெரிது. 160-இல் பாதியளவு குறைத்துப் பாருங்கள், இன்னும் 140-க்கு மேலேதான் நிற்கும். ஆகவே துப்பாக்கிக்குச் செருகியும் மூடியும் இரண்டும் வேண்டும். இரண்டு எண்ணையும் கூட்டக்கூடாது. பெரிய எண்ணோடு ஐந்து சேர்த்தால் போதும், ஆனால் அந்த ஐந்து லேசானதல்ல. கொட்டகைக்குள் நின்றோ வண்டிக்குள் உட்கார்ந்தோ சுட்டால் சத்தம் திருப்பி அடிக்கும். அங்கே ஒன்று மட்டும் போட்டுச் சுடவே வேண்டாம்.

"ரெண்டையும் போட்டா பன்னி வர்றது எப்படிக் கேக்கும்?" என்று ஜாகாமார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, கும்மிருட்டில் காதுதான் அவருக்குக் கண். இதற்கு எலக்ட்ரானிக் காதுமூடி வந்திருக்கிறது. சின்னச் சத்தத்தை உள்ளே விடும், வெடியை உடனே அடக்கும். பேட்டரி தீர்ந்தாலும் சாதாரண மூடியாக வேலை செய்யும். விலை கூடுதல்தான். ஆனால் காவலுக்குத் துப்பாக்கி கொடுத்தவர்கள்தானே இதையும் கொடுக்க வேண்டும்?

1989-இன் இரைச்சல் விதிகள் தொழிற்சாலைகளுக்கு மட்டும் என்று இருந்தது. 2019-இல் வந்த விதிகள் தோட்டத்துக்கும் பொருந்தும். நாளுக்கு 85 டெசிபெல், எந்த நேரத்திலும் உச்சம் 140, இதைத் தாண்டவிடக் கூடாது. பாதுகாப்புச் சாமான் முதலாளி செலவு, சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. இரைச்சலால் போன காதுக்குச் சொக்சோவில் மனு செய்யலாம், டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். சொந்த லைசன்ஸில் வேட்டைக்குப் போகிறவர்கள் சொந்தக் காசில்தான் வாங்க வேண்டும்.

கர்ப்பிணிகள் சுடும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். காதுமூடி தாயின் காதைத்தான் மூடும், வயிற்றை மூடாது.

செருகி வாங்கியவர்கள் பெரட்டு முடிந்து மருந்தகத்துக்கு வாருங்கள், ஒருவர் ஒருவராக வைத்துக் காட்டுகிறேன். கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.