காற்றாலை மின்சாரத்துக்கு வழி காட்டும் கருவிகள்

செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்துவிட்டால் சங்கரன்கோவில் வட்டாரத்துக் காற்றாலைகளுக்கு ஓய்வில்லை. மே முதல் செப்டம்பர் வரை அவற்றின் அறுவடைக் காலம். ஊரின் விசைத்தறிகள் எல்லாம் ஓடினாலும் அவ்வளவு மின்சாரத்தை இங்கேயே செலவழிக்க முடியாது. கயத்தாறு 400 கிலோவோல்ட் துணை மின் நிலையம் போன்ற இடங்களில் சேர்ந்து, அது வடக்கே போயாக வேண்டும்.

சிக்கல் அங்கேதான். மாறுதிசை மின்சாரம் சொன்ன வழியில் போகாது. மின்மறுப்பு குறைந்த பாதையில் அதிகமாகவும் மற்றதில் குறைவாகவும் தானே பிரிந்து ஓடும். ஒரு பாதை நிரம்பி வழியும்போது பக்கத்துப் பாதை பாதி காலியாகக் கிடக்கும். நிரம்பிய பாதை துண்டிக்கப்பட்டால் அதன் சுமை மற்றவற்றின் மேல் விழும். அவையும் வரிசையாக விலகும்.

2012 ஜூலை 30, 31 தேதிகளில் நடந்தது இதுதான். பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை விலகியதில் தொடங்கிய சரிவு, இரண்டாம் நாளில் 60 கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் பகுதியை இருளில் தள்ளியது. வடக்கோடு, சரிவைக் கடத்தாத நேர்திசை மின் இணைப்பு மட்டுமே இருந்ததால் தென்னிந்தியா தப்பியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தெற்கும் நாட்டின் ஒரே கட்டமைப்பில் சேர்ந்தது.

எந்த ஒரு பாதை திடீரென்று போனாலும் மீதமுள்ளவை தாங்க வேண்டும் என்பது மின் கட்டமைப்பின் அடிப்படை விதி. அதற்காகப் பாதைகளில் இடம் விட்டே வைக்கிறார்கள். அந்த இடத்தைப் பத்திரமாகப் பயன்படுத்தத்தான் நெகிழ்வு மின்கடத்தல் கருவிகள் வந்தன.

அவற்றில் ஒரு வகையாக, ராய்ப்பூர்–ரூர்கேலா பாதையில் தைரிஸ்டர் என்னும் மின்னணுச் சாவி கட்டுப்படுத்தும் மின்தேக்கிகளைத் தொடராக இணைத்திருக்கிறார்கள். பாதையின் மின்மறுப்பை மாற்றி, அதில் ஓடும் மின்சாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் அவற்றால் முடியும். உடுமலைப்பேட்டையில் உள்ள ஸ்டாட்காம் என்ற கருவி வேறு வேலை செய்கிறது. மின்னழுத்தம் சரிந்தால் சில பத்து மில்லி வினாடிகளில், அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் எதிர்வினைத் திறனை ஊட்டித் தூக்கி நிறுத்துகிறது. பழைய வகைக் காற்றாலைகள் சுழலும்போதே அந்த எதிர்வினைத் திறனை உறிஞ்சுபவை என்பதால், தென் மாவட்டங்களுக்கு இத்தகைய கருவி மிகத் தேவை.

மாறுதிசைப் பாதையைப் போலன்றி, நேர்திசை மின்பாதையில் எத்தனை மெகாவாட், எந்தத் திசையில் என்பதை இயக்குநரே முடிவு செய்யலாம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரும் 800 கிலோவோல்ட் பாதையின் திறன் 6,000 மெகாவாட். தெற்கில் காற்று மிகும்போது அதே பாதையில் மின்சாரத்தை வடக்கே திருப்பியும் அனுப்பலாம்.

இன்னொரு வழி, கம்பியையே கவனிப்பது. மின்சாரம் கூடினால் கம்பி சூடேறி, நீண்டு, தொய்கிறது. 400 கிலோவோல்ட் கம்பி தரையிலிருந்து 8.84 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. கம்பியின் தாங்குதிறனைக் கணக்கிடும்போது காற்று மணிக்கு வெறும் 2 கிலோமீட்டர் வேகத்தில் வீசுவதாகவே திட்ட விதிகள் கொள்கின்றன. காற்றாலை முழுவீச்சில் சுழலும் நாளில் கம்பியின் மேல் வீசுவது அதைவிடப் பல மடங்கு வேகமான காற்று. அது கம்பியைக் குளிர்வித்து, கூடுதல் மின்சாரத்தைத் தாங்க வைக்கும். வெப்பத்தையும் தொய்வையும் அளக்கும் உணரிகள் இருந்தால், அன்றன்றைய உண்மையான தாங்குதிறன் தெரிந்துவிடும்.

புதுக் கோபுரங்கள் எழ நிலமும் ஆண்டுகளும் வேண்டும். உணரிகளுக்கு அவ்வளவு தேவையில்லை. பாதையில் இடமில்லை என்று காற்றாலைகளை நிறுத்தச் சொல்வதற்கு முன், தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் மின்பாதைகளில் இந்த அளவீட்டைத் தமிழக மின்துறை தொடங்க வேண்டும்.