நடைப்பிணமும் கம்பிவேலியும்

எங்கள் தோட்டப் பள்ளியிற் படித்து, இப்போது இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தில் இருக்கும் மாணவி ஒருத்தி, சென்ற பள்ளி விடுமுறையில் தடித்த ஆங்கிலப் புத்தகங்கள் மூன்றுடன் என்னைக் காண வந்தாள். அட்டையைப் பார்த்ததும், "பிணம் எழுந்து வந்து கடிக்கிற கதையா?" என்று முகஞ் சுளித்தேன். "முதல் புத்தகத்தை மட்டும் படித்துப் பாருங்கள் ஐயா; அப்புறம் திட்டுங்கள்" என்றாள். படித்தேன், மூன்றையுமே படித்து முடித்தேன். ஆசிரிய நண்பர் பலர் இத்தகைய நூல்களைக் குப்பை என்று ஒதுக்குவதை அறிவேன். நானும் அவ்வாறு ஒதுக்கியவனே. ஆதலின் எனக்குப் புலப்பட்ட சிலவற்றை ஈண்டு எழுதலானேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'ஜோம்பி' என்பதைக் கிரந்த எழுத்து விலக்கிச் 'சோம்பி' என்று எழுதினால் வேலை செய்யாது கிடப்பவன் என்றாகிவிடும். அதன் வரலாறோ அதற்கு நேர்மாறு. 'நடைப்பிணம்' என்னும் சொல் நம்மிடம் இருக்கிறதே எனலாம். ஆனால் உயிரிருந்தும் உயிர்ப்பற்றவனையே நாம் நடைப்பிணம் என்கிறோம். ஜோம்பி இறந்தும் நடப்பது. என் பாட்டி இச்சொல்லை ஒரு சாராருக்கு மட்டுமே வழங்குவார். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் சயாம் இரயில் பாதை போடக் கொண்டு சென்றவர்களில், மீண்டு வந்தவர்களுக்கு. 'வேதாளம்' இன்னும் சற்று நெருங்கி வருகிறது. அது பிணத்துட் புகுந்து மரத்தில் தொங்குவது. அரசன் தோளில் ஏறி வருவது. எனினும் நம் வேதாளம் எவரையும் கடிப்பதில்லை. கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது; விடை தெரிந்தும் சொல்லாவிடில் தலை வெடித்துவிடும் என்கிறது. (பேய்க் குலத்தில் நம் தொழிலுக்கு உறவு அது ஒன்றுதான்.)

ஜோம்பியின் பிறப்பிடம் கரிபியன் கடலில் உள்ள ஹைட்டி நாடு. அங்கே பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாய் மாண்டார்கள். கிளர்ந்தெழுந்து 1804இல் விடுதலை பெற்றார்கள். அம்மக்களின் நம்பிக்கையில் ஜோம்பி மனிதரைத் தின்பதன்று. மந்திரவாதி ஒருவன் பிணத்தைப் புதைகுழியிலிருந்து எழுப்பி, தன் நினைவின்றி வயலில் உழைக்க விடுவான், அதுவே ஜோம்பி. ஆகவே அங்குள்ளோர் ஜோம்பியைக் கண்டு அஞ்சியதைவிடத் தாம் ஜோம்பி ஆகிவிடுவோமோ என்றே அஞ்சினர். செத்த பின்னும் தோட்ட வேலை தீராதோ என்னும் அச்சம் அது. இன்னொன்றும் சொல்வர்: ஜோம்பிக்கு உப்பிட்ட உணவு கொடுத்துவிட்டால் தான் இறந்தவன் என்பதை உணர்ந்து, வேலையை விட்டுப் புதைகுழியை நோக்கித் திரும்பிவிடுமாம். உப்பிட்டவரை மறவாதே என்று நாம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அங்கே உப்புத் தின்றவன் விழித்துக்கொள்கிறான். ஒரு தோட்டத்துப் பிள்ளை இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டுமே!

சீபுரூக் என்னும் அமெரிக்கர் 1929இல் எழுதிய பயண நூல் வாயிலாக இச்செய்தி ஆங்கில உலகுக்குப் பரவியது. 1932இல் திரைப்படம் வந்தது. பிணங்கள் கூட்டமாய் வந்து மனிதரைத் தின்னும் இன்றைய வடிவம் 1968இல் ரொமேரோ எடுத்த படத்தாற் பரவியதாகும்; வேடிக்கை என்னவென்றால், அப்படத்தில் ஜோம்பி என்ற பெயர் வழங்கப்படவில்லை. நம் பேராக்கைச் சேர்ந்த இயக்குநர் மாமாட் காலிட் 2007இல் 'ஜோம்பி கம்போங் பீசாங்' எடுத்து மக்களைச் சிரிக்க வைத்தார். தமிழில் 'மிருதன்' 2016இல் வந்தது.

இனி அந்த மூன்று நூல்கள். எழுதியவர் கேரி ரையன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. முதல் நூல் 2009இலும், ஏனைய இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வெளிவந்தன. முதல் நூலின் பெயரைக் 'கைகளும் பற்களும் நிறைந்த காடு' எனலாம். காட்டின் நடுவே கம்பிவேலி சூழ்ந்த ஓர் ஊர். வேலிக்கு வெளியே இரவும் பகலும் பிணங்கள் முனகிக்கொண்டு நிற்கின்றன. உள்ளே காவலர் வேலியைக் காக்கின்றனர். மதச் சகோதரியர் ஊரை ஆள்கின்றனர். வேலிக்கு அப்பால் மனிதரே இல்லை என்பது அவர்கள் போதனை. மேரி என்னும் பெண்ணோ கடல் ஒன்று உண்டென்று தாய் சொன்னதை நம்புகிறாள். அத்தாயின் கதைதான் நெஞ்சை உலுக்குவது. காணாமற்போன கணவனை வேலிக்கு அப்பாலுள்ள பிணங்களுக்கிடையே தேடி, வேலியை நெருங்கி, அவளும் நோய்க்கு ஆளாகிறாள். இரண்டாம் நூல் மேரி வளர்த்த பெண்ணின் கதை. மூன்றாவது அப்பெண்ணின் இரட்டைச் சகோதரியினுடையது. இவ்விரண்டும் காதற் குழப்பத்தில் வேண்டாத நீளம் நீள்கின்றன. இரத்தமும் வெட்டும் மிகுதியாதலின் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் கையில் இவற்றைக் கொடுக்கலாகாது.

அந்தத் தாயைப் படித்த போது மணிமேகலையில் வரும் கோதமை நினைவுக்கு வந்தாள். அவள் மகன் சார்ங்கலன் தனியே சுடுகாட்டுக்குள் சென்று, பேயைக் கண்ட அச்சத்தால் உயிர் விடுகிறான். என் உயிரை எடுத்துக்கொண்டு மகனைத் தா என்று கோதமை சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடுகிறாள். போன உயிர் மீளாது என்கிறது தெய்வம். அவள் ஏற்கவில்லை. அதன் பின் தேவர் அனைவரையும் கூட்டி அவள்முன் நிறுத்தியும் அதே விடைதான். மாணவியிடம் இதைச் சொன்னேன். "மேரியின் அம்மாவிடம் இதைச் சொல்ல ஆளில்லை ஐயா" என்றாள்.

வேலியைப் பற்றிப் பேச்சு வந்தது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. அந்நாளில் புதுக்கிராமங்களைச் சுற்றி மட்டுமன்றித் தோட்ட லயங்களைச் சுற்றியும் முள்கம்பி எழுந்தது. ஊரடங்கு உண்டு. காட்டிலிருப்பவர்களுக்குப் போய்ச் சேருமென்று, மரம் சீவப் போகிறவர் சோறு கொண்டு போவதும் தடுக்கப்பட்டது. வாயிலிற் சோதனை. அச்சம் காட்டிலிருந்து வந்ததா, காவலிலிருந்து வந்ததா என்பதை அந்நாளைய முதியோர் ஆளுக்கொரு விதமாய்ச் சொல்வர்.

மாணவியின் பாட்டனார் அந்த வேலிக்குள் பிறந்தவர். அவரிடம் போய், "தாத்தா, வேலிக்குள்ளே பயமாயிருந்ததா, வெளியே வந்த பிறகா?" என்று கேட்டிருக்கிறாள். வேலிக்குள் பிள்ளைகளுக்குப் பயம் தெரியவில்லை. தோட்டத்தை விற்றுவிட்டோம், வீட்டைக் காலி செய்யுங்கள் என்று பெரட்டில் சொன்ன அன்றுதான் கை நடுங்கியது என்றாராம் அவர். அதுவரை அவர் அதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

அதைத் தமிழில் எழுதி வரச் சொன்னேன். இரண்டு பக்கம் எழுதி வந்தாள். ஒற்றுப்பிழை பதினொன்று இருந்தன, திருத்திக் கொடுத்தேன். ஒரு படி பாட்டனாரிடம் இருக்கிறது.